பெயர் வெட்டிய புராணம்

கேள்வி: என் பால்ய சிநேகிதருக்கு வரும் தை மாதம் மணிவிழா. தேக்குப் பலகையில் லேசரால் அவர் படத்தையும் பெயரையும் பொறித்துப் பரிசளிக்கப் போகிறேன். பொருளில் பெயர் பொறிக்கும் இந்த மேல்நாட்டு வழக்கம் நமக்கு எப்போது வந்தது? (வாசகர், மன்னார்குடி)

பதில்: ‘மேல்நாட்டு வழக்கம்’ என்று தாங்கள் எழுதியிருப்பதை நான் உரக்கப் படித்தபோது, எங்கள் அடுக்களையில் அண்டா முதல் கரண்டி ஈறாக உள்ள சகல பாத்திரங்களும் ஏககாலத்தில் நகைத்ததாகவே எனக்குத் தோன்றிற்று. கீழடி மண்ணில் அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறிக் கிடக்கின்றன. எகிப்து தேசத்தின் செங்கடற்கரையில், குசைர் அல் காதிம் என்னும் பழந்துறைமுகத்திலும் ‘கணன்’, ‘சாதன்’ என்று பெயர் தாங்கிய ஓடுகள் அகப்பட்டிருக்கின்றன. திரைகடல் ஓடித் திரவியம் தேடப் போன இடத்திலும், தன் பானை அடுத்தவன் பானையோடு கலந்துவிடலாகாது என்பதில் நம்மவருக்கு இருந்த விழிப்பை என்னென்பது!

அதே துறைமுகத்தில் கிடைத்த வேறோர் ஓட்டில் பெயரே இல்லை. ‘பானை ஒறி’, அதாவது உறியில் தொங்கும் பானை, என்று மட்டும் இருக்கிறது. அதுவும் ஒரு முறைக்கு இரு முறை. பானையின்மேல் பானை என்று எழுதிவைத்த அந்த மகானுபாவர், பிற்காலத்து அரசாங்க அலுவலகங்களில் நாற்காலிக்கு எண் எழுதியவர்களின் மூல புருஷர் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இனி பானையிலிருந்து பாத்திரத்துக்கு வருவோம். பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து, சிற்றுளியும் சுத்தியலும் கொண்டு, புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டித் தந்த அந்தக் கலைஞர்களிடம், கல்யாணத்துக்குப் பரிசு வாங்கிய நம் ஜனங்கள் யாருடைய பெயரை வெட்டச் சொன்னார்கள்? குடத்தைப் பெறுகிற மணமக்கள் பெயரையா? இல்லை, ‘அன்பளிப்பு’ என்று தொடங்கித் தம் பெயரை, ஊரோடும் உத்தியோகத்தோடும் சேர்த்து!

கேள்வி: லேசரைக் கண்டுபிடித்தவர் யார்? பலகையில் ஓடும் சிவப்புப் புள்ளிதானே மரத்தைச் சுடுகிறது? (அதே வாசகர்)

பதில்: லேசர் தத்துவத்துக்கு 1917-ல் ஐன்ஸ்டீன் இட்ட வித்திலிருந்து நேரே ஒரு மிட்டாய்க் கடைக்குப் போய்விடுவோம்; இடைப்பட்ட கணக்குகள் பரீட்சைக்கு மட்டுமே உதவுபவை. 1957 நவம்பரில் கோர்டன் கூல்ட் என்னும் கொலம்பியா சர்வகலாசாலை ஆராய்ச்சி மாணவர், ‘லேசர்’ என்ற பெயரைத் தம் குறிப்பேட்டில் எழுதி, நியூயார்க்கில் நோட்டரியாகவும் விளங்கிய ஒரு மிட்டாய்க் கடைக்காரரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டார். கருவியைச் செய்து காட்டினாலன்றிக் காப்புரிமை கிட்டாது என்று தவறாக எண்ணி அவர் தாமதித்ததன் பலன், சுமார் முப்பது வருஷ வழக்கு. இதற்கிடையில் 1960 மே 16-ஆம் தேதி, கலிபோர்னியாவில் தியோடர் மைமன் ஒரு ரூபித் துண்டிலிருந்து முதல் லேசரை ஒளிரச் செய்துவிட்டார். பெயர் வைத்தவர் ஒருவர், பெயர் எடுத்தவர் இன்னொருவர்! அக்காலத்தில் லேசரின் வலிமையை, அது எத்தனை சவர பிளேடுகளைத் துளைக்கிறது என்று எண்ணி, ‘ஜில்லெட்’ கணக்கில் அளந்தார்களாம்.

சிவப்புப் புள்ளியைப் பற்றித் தாங்கள் கொண்டிருப்பது சுத்தப் பிரமை. கடைகளில் மரத்தைப் பொறிக்கும் பெரிய இயந்திரங்களில் வேலை செய்வது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு லேசர். மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டது. அதன் ஒளி 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் உடையதாதலால் மானிடக் கண்ணுக்குப் புலப்படாது. சிவப்புப் புள்ளி இடத்தைக் காட்டுவதற்கு மட்டுமே. அது மாப்பிள்ளைத் தோழன், தாலி கட்டுகிறவர் வேறு. கோலி சோடாவில் ஏப்பம் வரவழைக்கும் அதே வாயுதான், நைட்ரஜன், ஹீலியம் ஆகியவற்றின் துணையோடு தங்கள் சிநேகிதரின் மூக்கையும் மீசையையும் தேக்கில் தீட்டப் போகிறது.

கேள்வி: எவர்சில்வரிலும் ரெக்சினிலும் பொறிக்கலாமா? (வாசகி, கோவில்பட்டி)

பதில்: எவர்சில்வர் மேற்படி ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும், அதற்கு ஃபைபர் லேசர் வேண்டும். ரெக்சின் அநேகமாக பி.வி.சி. பூசியது, சுட்டால் அமிலப் புகை கிளம்பி, இயந்திரத்தையும் இயக்குபவரின் நுரையீரலையும் அரிக்கும். கூடவே கூடாது.

கேள்வி: அதிருக்கட்டும். கல்யாண வீட்டிலிருந்து மாறி வந்த சொம்பைத் திருப்பித் தரவேண்டியது அவசியந்தானா? (வாசகர், திருவையாறு)

பதில்: என் குட்டை உடைத்துவிட்டீர்கள். முப்பது வருஷங்களுக்கு முன் அவ்வாறு எங்கள் வீடு வந்து சேர்ந்த பித்தளைச் சொம்பு ஒன்றில், புளி போட்டுத் துலக்கித் துலக்கி எஞ்சியிருப்பவை ‘ரங்க’ என்ற எழுத்துகள் மட்டுமே. ரங்கசாமியா, ரங்கநாயகியா, கொடுத்தவரா, கொண்டவரா என்று ஒன்றும் விளங்காமல், ‘ரங்கு சொம்பு’ என்றே அதை நாங்கள் அழைத்து வருகிறோம். பால்காரர் மணியடித்தால் “ரங்குவை எடு” என்பதுதான் எங்கள் வீட்டுச் சுப்ரபாதம். தேய்ந்துபோன மிச்ச எழுத்துகளைச் சரியாக எழுதியனுப்பும் உரியவருக்குச் சொம்பு அனுப்பிவைக்கப்படும். காலையில் பால் வாங்கி முடித்த பிறகு.