தராசுக்குள் இருக்கும் ஐ.சி.

மளிகைக் கடைகளில் படிக்கல் தராசின் இடத்தை மின்னணுத் தராசு பிடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. பழுதென்று கொண்டு போனால், "ஐ.சி. போய்விட்டது, போர்டையே மாற்ற வேண்டும்" என்கிறார் மெக்கானிக். கொடுக்கும் பணம் எதற்கு என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

முன்பெல்லாம் டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் என்று உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, ஈயத்தால் பற்றவைத்து இணைத்தார்கள். ஒரு பற்று விட்டாலும் கருவி நின்றுவிடும். ஆயிரக்கணக்கில் உறுப்புகள் வேண்டிய கம்ப்யூட்டருக்கு இது பெரும் தலைவலி. 1958 செப்டம்பரில், அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி எல்லா உறுப்புகளையும் ஒரே ஜெர்மானியத் துண்டில் அமைத்துக் காட்டினார். ஆனால் இணைப்புக்கு மெல்லிய கம்பிகள் தேவைப்பட்டன. 1959-ல் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் ராபர்ட் நாய்ஸ், சிலிக்கன் துண்டின் மேலேயே உலோகப் படலமாக இணைப்புகளைப் பதிக்கும் வழியைச் சொன்னார். கம்பியும் போயிற்று, பற்றும் போயிற்று. கில்பிக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. நாய்ஸ் 1990-லேயே காலமாகிவிட்டார்.

மொத்த வியாபாரிகளான எங்களுக்கு இதில் சுவையான இடம் அடக்கவிலைதான். கடலை மிட்டாய் போடுகிறவர் பாகைப் பலகையில் பரப்பித் துண்டு போடுவதைப் போல, ஒரே சிலிக்கன் தகட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகளை ஒளியின் உதவியால் பதித்துப் பிறகு வெட்டுகிறார்கள். தூசி விழுந்த துண்டு சொத்தை, அதைக் கழித்துவிடுகிறார்கள். தகட்டுக்கு ஆகும் வேலை ஏறக்குறைய ஒன்றே. எனவே துண்டு சிறிதானால் எண்ணிக்கை கூடும், விலை இறங்கும். 1971-ல் வந்த இன்டெல் 4004 சில்லில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். இன்று சில கைபேசிச் சில்லுகளில் ஆயிரம் கோடிக்கு மேல்!

தராசுக்கு வருவோம். தட்டின் அடியிலுள்ள லோடு செல், எடைக்கேற்பக் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதனால் கிடைக்கும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்தான். அதை எண்ணாக மாற்றி, விலையோடு பெருக்கிக் காட்டுவது ஐ.சி.யின் வேலை. அதன் உள்ளே பிரித்துப் பழுது பார்க்க வழியில்லை. போனால் மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் தராசு நின்றதெல்லாம் ஐ.சி. போனதாகாது. பேட்டரி இறங்கியிருக்கலாம், உப்பு ஈரம் பட்டு இணைப்பு துருவேறியிருக்கலாம், கரப்பான் புகுந்திருக்கலாம். முதலில் அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். போர்டை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். எடைக்கான திருத்தக் கணக்கு போர்டில் உள்ள ஒரு சில்லில்தான் பதிந்திருக்கும். ஆகவே போர்டு மாறிய தராசை மறுமுத்திரை இடாமல் கடையில் பயன்படுத்தக் கூடாது.