துப்பாக்கி சுடக் கற்றுத்தர வேண்டுமா? பத்து மீட்டரில் தொடங்குங்கள்

சித்தூர், திருப்பதிப் பக்கம் துப்பாக்கிப் பயிற்சியாளராக ஆசைப்படுகிறவர்களில், கல்லூரி என்.சி.சி.யில் பாயின்ட் டூ டூ ரைபிளைத் தொட்டவர்கள் உண்டு. ராணுவத்திலோ போலீசிலோ இருந்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு. இரு சாராருக்கும் நான் சொல்வது ஒன்றே. குறி தவறாமல் சுடத் தெரிவது வேறு. பத்துப் பிள்ளைகளைக் கோட்டில் நிறுத்தி, ஒருவர் மேலும் கீறல் படாமல் வீட்டுக்கு அனுப்புவது வேறு. இந்த இரண்டாவது வேலைக்கு உங்களைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தையும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளையும் அச்செடுத்து வரிவரியாகப் படியுங்கள். உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்று 2016 விதிகள் சொல்கின்றன. பத்திரமாகக் கையாளுவது, சுடும் முறை, பராமரிப்பு, பூட்டி வைப்பது, எடுத்துச் செல்வது எல்லாம் அதில் அடக்கம். உங்கள் பாடத்திட்டத்தின் எலும்புக்கூடு அதுதான். ஆனால் முறையான அங்கீகாரம் கையில் இல்லாமல் சான்றிதழ் எதையும் அச்சடித்துக் கொடுத்துவிடாதீர்கள். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இதை முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள், பெற்றோரும் கேட்கட்டும்.

உரிம விஷயமாக எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதிலும் குழப்பம் வரும். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். சந்திரகிரி, ஸ்ரீகாளஹஸ்திக்காரர்கள் திருப்பதி கலெக்டர் அலுவலகத்தையும், பலமநேர், குப்பத்துக்காரர்கள் சித்தூர் கலெக்டர் அலுவலகத்தையும் அணுக வேண்டும்.

அடுத்து, எந்த ஆயுதம்? ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும் போதும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ளவற்றுக்கு உரிமம் தேவையில்லை. கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள். ரசீதோடு அந்தச் சான்றின் நகலையும் கோப்பில் வையுங்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றதும் இந்தப் பத்து மீட்டர் ஏர் ரைபிளில்தான். இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம்.

இடத்துக்கு நீளமான கூடம் ஒன்று போதும். சுடும் கோட்டிலிருந்து இலக்குவரை பத்து மீட்டர், ஒருவருக்குக் குறைந்தது ஒரு மீட்டர் அகலம், இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். இலக்கின் மேல் 1500 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும். இலக்குக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டியும், அதற்கும் பின்னால் கெட்டியான சுவரும் இருக்கட்டும். கோட்டுக்கு முன்பக்கம் கதவோ ஜன்னலோ இருந்தால் அந்தக் கூடம் வேண்டாம்; பூட்டிவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். பூட்டைத் திறக்க எப்போதும் யாராவது ஒருவர் வருவார்.

இனி வகுப்பு. முதல் சில வகுப்புகளில் பெல்லட் டப்பா பெட்டியிலேயே இருக்கட்டும். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் பிள்ளை செய்ய வேண்டியது: குழலை இலக்குப் பக்கம் திருப்பி, போல்ட்டைத் திறந்து, உள்ளே காலி என்று தானும் பார்த்து, பக்கத்தில் நிற்பவருக்கும் காட்டுவது. பிறகு பாதுகாப்புக் கொடியை, அதாவது பளிச்சென்ற நிறத்தில் உள்ள கயிற்றை, குழல் முழுக்க நுழைத்து இரு முனையும் வெளியே தெரியும்படி விடுவது. விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். நண்பன் கூப்பிட்டான் என்று துப்பாக்கியோடு திரும்பிப் பார்க்கும் பழக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. நீங்களே வேண்டுமென்று பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். குழல் அசையாமல் தலை மட்டும் திரும்பும்வரை பெல்லட் கிடையாது.

கட்டளைகள் நான்கு: லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட். நம் ஊர்ப் பிள்ளைகள் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் பேசுகிறவர்கள். விளக்கத்தை எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லுங்கள்; கட்டளைச் சொல் மட்டும் மாறக்கூடாது. 'ஸ்டாப்' என்று யார் கத்தினாலும், ஆறாம் வகுப்புப் பிள்ளை கத்தினாலும், எல்லோரும் நிறுத்த வேண்டும். அது தேவையில்லாத கூச்சலாக இருந்தாலும் அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டினால், நிஜமாகவே ஆபத்து வரும் நாளில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பெல்லட் ஈயம். பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் டிபன் டப்பாவைத் திறக்கக்கூடாது. துப்பாக்கியின் காற்று உருளையில் பொறித்த தேதியைப் பாருங்கள். பத்து ஆண்டு கடந்தால் மாற்றிவிடுங்கள். நிற்கும் நிலையைத் திருத்தத் தோளையோ இடுப்பையோ தொட வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள், பெற்றோர் பார்க்கும்படி கதவைத் திறந்தே வையுங்கள். 2012 போக்சோ சட்டத்தைப் படிக்காமல் பிள்ளைகளுக்குப் பயிற்சி தர முன்வராதீர்கள்.

போக்குவரத்தில் நம் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. போட்டி முடிந்து வரும் வழியில் திருப்பதி மலைக்குப் போய்ச் சாமி கும்பிடலாம் என்று ரைபிள் பெட்டியோடு அலிபிரி சோதனைச் சாவடியில் போய் நிற்காதீர்கள். ஏர் ரைபிளாக இருந்தாலும் ஆயுதத்தை மேலே கொண்டுபோக முடியாது. பெட்டியை ரேஞ்சில் பூட்டிவிட்டுப் போங்கள். சேஷாசலம் காட்டோரம் பறவைகளைச் சுட்டுப் பழகலாம் என்று கேட்கும் மாணவரை அன்றே நிறுத்திவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏர் கன் என்று சலுகை காட்டாது.

இதற்கிடையே உங்கள் தகுதியையும் வளர்த்துக்கொள்ளுங்கள். மாநில ரைபிள் சங்கத்தில் உறுப்பினராகி நீங்களே போட்டிகளில் சுடுங்கள். மேடைப் பதற்றம் என்னவென்று தெரியாதவர் அதை இன்னொருவருக்குத் தணிக்க முடியாது. 1951-இல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கம் பயிற்சியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் வகுப்பு நடத்தும்போது சேருங்கள். சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் பயிற்சியாளர் உரிமம் டி-யில் தொடங்கி ஏ வரை போகிறது. என்னைக் கேட்டால் முதலில் நடுவர் வகுப்புக்கே போகச் சொல்வேன். சுடும் கோட்டை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதை அங்கேதான் நன்றாகக் கற்பீர்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சியையும் விடாதீர்கள்.

பாயின்ட் டூ டூ பற்றி மாணவர்கள் சீக்கிரமே கேட்பார்கள். அதற்கு உரிமம் பெற்ற சங்கமும் ரேஞ்சும் வேண்டும். 21 வயதுக்குக் கீழே உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆனால் 12 வயது நிறைந்த இளம் வீரர்கள் விதிகளுக்கு உட்பட்டுப் பயிற்சியில் பயன்படுத்தலாம். வந்தவர் பெயர், எடுத்த துப்பாக்கியின் எண், கொடுத்த பெல்லட், திரும்பி வந்த நேரம் ஆகிய நான்கையும் ஏர் ரைபிள் வகுப்பிலேயே தினமும் ரெஜிஸ்டரில் எழுதிப் பழகுங்கள். ஓர் ஆண்டு விடுபடாமல் எழுதிய ரெஜிஸ்டர் உங்களிடம் இருந்தால், பாயின்ட் டூ டூவுக்கான விண்ணப்பத்தோடு அதையும் எடுத்துப் போங்கள்.