மொட்டைமாடியில் டிராகன் பழம்

மூணு வருஷத்துக்கு முன்னாடி மொட்டைமாடியில் டிராகன் பழக் குச்சி இரண்டு நட்டேன். பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினேன். ஒரே மாதத்தில் அடித்தண்டு கொழகொழன்னு அழுகிப் போச்சு. இது கள்ளி இனம். வறட்சியைத் தாங்கும், வேரில் தேங்கும் தண்ணீரைத் தாங்காது.

அடுத்த முறை ஓர் அடிக் குச்சியை வெட்டி, வெட்டுவாய் காய ஒரு வாரம் நிழலில் வைத்தேன். அடியில் ஓட்டை போட்ட பழைய டிரம்மில் செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் சம அளவு நிரப்பி, தலைகீழாகிவிடாமல் பார்த்து இரண்டு அங்குல ஆழத்தில் நட்டேன். நடுவில் ஐந்தடிக் குழாய், உச்சியில் சைக்கிள் டயர். டயரைத் தொடும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட வேண்டும். பிறகு நுனியை வெட்டினால் கிளைகள் பிரிந்து தொங்கும். அவற்றில்தான் பூ வரும்.

மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். 15 நாளுக்கு ஒருமுறை 10 லிட்டர் தண்ணீரில் 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளிக்கிறேன். கடும் கோடையில் தண்டு மஞ்சளாக வெந்துபோகாமல் நிழல்வலை கட்டுகிறேன்.

பூ ராத்திரியில் விரிந்து, காலையில் வாடிடும். சிவப்புச் சதை ரகங்கள் பலவற்றில் தன் மகரந்தத்தால் காய் பிடிக்காது. என் முதல் பூக்கள் அப்படித்தான் உதிர்ந்தன. பிறகு பக்கத்திலேயே வெள்ளைச் சதை ரகமும் வைத்தேன். இரண்டும் பூத்த ராத்திரி, டார்ச்சும் தூரிகையுமாக மாடியேறி, வெள்ளையின் மகரந்தத்தைச் சிவப்பின் சூல்முடியில் தடவினேன். ஒரு மாதம் கழித்துப் பழம் பறித்தோம்.

குச்சி வாங்கும் முன்னே ரகம் கேளுங்க. தண்ணீர் ஊற்றும் முன்னே மண்ணைத் தொட்டுப் பாருங்க.