உவகையும் உரையும்

துன்பத்தைச் சொல்லச் சிறுவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. காலில் முள் தைத்த சிறுவன், தைத்த இடம் இது, வலி இத்தகையது என்று தானே கூறிவிடுகிறான். அவனே துள்ளிக் குதித்துக்கொண்டு வீடு திரும்பும் நாளில், "என்னடா இவ்வளவு மகிழ்ச்சி?" என்று தாய் வினவினால், "சும்மாதான் அம்மா" என்று ஓடிவிடுகிறான். உவகை அவன் முகத்தில் நிறைந்திருக்கிறது. அதனை உரைக்கும் சொல் அவனிடம் இல்லை.

உள்ளத்து நிகழும் உணர்ச்சி உடலின்கண் புலப்படுதலை மெய்ப்பாடு என்பர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு என்று தொல்காப்பியர் வகுத்தார். இளிவரல் என்பது இழிவு. மருட்கை என்பது வியப்பு. வகுத்ததோடு அவர் அமைந்தாரல்லர். ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களையும் நந்நான்காக எண்ணிக் கூறினார். உணர்ச்சிக்குக் காரணம் உண்டு என்பதும், அக்காரணத்தை ஆராய்ந்து அறியலாம் என்பதும் இதனால் பெறப்படும்.

உவகை பிறக்கும் இடங்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன. புத்தாடை பெற்ற சிறுமியின் உவகை செல்வத்தால் வருவது. புலன் என்பதற்கு அறிவு எனப் பொருள் கொண்டாரும் உளர். நெடுநேரம் விளங்காதிருந்த கணக்கு ஒரு நொடியில் விளங்கும்போது தோன்றும் களிப்பு அவ்வகையினது. புணர்வு என்பது அன்புடையார் ஒன்றுகூடுதல். பொங்கலுக்கு ஊரிலிருந்து பாட்டி வந்து இறங்கியதும் பேரப்பிள்ளைகள் அடையும் மகிழ்ச்சியை அதற்குச் சான்றாகக் கூறலாம். விளையாட்டால் வரும் உவகையை விளக்கவும் வேண்டுமோ?

ஒன்றுபோலத் தோன்றும் உணர்ச்சிகளைப் பிரித்தறிதலும் வேண்டும். சடுகுடு ஆட்டம் ஒன்று முடிகிறது. வென்ற அணியினர் மூவர் சிரிக்கின்றனர். ஒருவன் ஆடிய இன்பத்தில் சிரிக்கின்றான், அஃது உவகை. மற்றொருவன் அஞ்சாது எதிரணியுள் புகுந்து மீண்டதை எண்ணித் தலைநிமிர்கின்றான். அது தறுகண்மை பற்றி வந்த பெருமிதம். மூன்றாமவன் இடறி விழுந்த எதிரணிச் சிறுவனைச் சுட்டிச் சிரிக்கின்றான். அஃது எள்ளல் பற்றிய நகை. அல்லலின் நீங்கியதே உவகை என்பது தொல்காப்பியர் கருத்து. பிறன் கண்ணீரை விலையாகக் கொண்டு பெறும் களிப்பிற்கு அப்பெயர் பொருந்துமா என்பதை மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காரணத்தோடு சொல்லப்பட்ட உவகை நெடுநாள் வாழும். பத்துப்பாட்டைப் பதிப்பிக்க ஏடு தேடிய உ. வே. சாமிநாதையர், குறிஞ்சிப்பாட்டில் தொகுத்துக் கூறப்படும் மலர்ப் பெயர்களுள் சில, தமக்குக் கிடைத்த ஏடுகளில் விடுபட்டிருக்கக் கண்டு வருந்தினார். அவற்றைத் தேடி அலைந்தார். முடிவில் தருமபுர ஆதீனத்து ஏட்டில் அப்பெயர்களைக் கண்டு களித்தார். நூல் 1889-ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர் அம்மகிழ்ச்சியைத் தம் நெஞ்சளவில் நிறுத்தாமல், பின்னாளில் கட்டுரையாக எழுதி வைத்தார். ஆதலின், சில பூக்களின் பெயர்களைக் கண்டு ஒருவர் எய்திய களிப்பு இன்று படிப்பவரையும் களிக்கச் செய்கிறது.

சிறு பிள்ளைகட்கு இப்பழக்கத்தை உண்டாக்குதல் மூத்தோர் கடன். தான் நட்ட அவரை முதற்பூப் பூத்ததென்று தங்கை ஓடிவருகிறாள். "சரி, போய்ப் படி" என்று தமையன் கூறினால் அவள் முகம் வாடும். "உன் முகம் மலர்ந்திருக்கிறதே, அம்மா! எத்தனை பூ? முதலில் யார் கண்டது?" என்று வினவினால், அவள் தன் உவகையைக் கோவையாகச் சொல்லக் கற்பாள். "மிகச் சிரித்தால் பின்பு அழ நேரும்" என்று அச்சுறுத்தும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அவ்வாறு தடுக்கப்பட்ட குழந்தை நாளடைவில் மகிழ்ச்சியை மறைக்கப் பழகும். மகிழ்ச்சியைக் கேளாதவரிடம் துயரத்தையும் சொல்லத் தயங்கும். இதனை மூத்தோர் மறத்தலாகாது.

உவகையை உரைக்குங்கால் இடமறிதலும் வேண்டும். தேர்வில் தவறிய தோழன் அருகிருக்கத் தன் மதிப்பெண்ணை விரித்துரைத்தல் பண்பன்று. முதலில் அவன் துயரைக் கேட்டு, அவன் தேறிய பின்னர்த் தன் மகிழ்ச்சியைக் கூறினால், அவனும் அதில் பங்குகொள்வான். பிறர் உவகையைக் காதுகொடுத்துக் கேட்பவனுக்கே தன் உவகையைக் கேட்க நண்பர் வாய்ப்பர்.