டாக்டர் இல்லாத ஊரில் யார் ஊசி போடலாம்?

டாக்டர் அல்லாதவர் சிகிச்சையில் கை வைத்தால் உயிருக்கு ஆபத்து என்ற நம்பிக்கை, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி உள்ளவர்களிடம்தான் உறுதியாக இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி அங்கே 39 கிராமங்களில், ஓரளவே பள்ளிப் படிப்புள்ள உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பச்சிளங்குழந்தைகளை வீட்டுக்கே போய்க் கவனிக்க வைத்தார்கள். செப்சிஸ் எனும் கடும் கிருமித்தொற்று கண்டால் ஜென்டாமைசின் ஊசி போட்டதும் அந்தப் பெண்கள்தான். முடிவுகள் 1999-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயின. இந்தத் திட்டம் இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டால், மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. செப்சிஸ் வந்த குழந்தைகளில் முன்பு 16.6 சதவீதம் பேர் இறந்தார்கள். இந்தப் பெண்கள் சிகிச்சை தரத் தொடங்கிய பிறகு அது 2.8 சதவீதம்.

பட்டம் இல்லாத இவர்களால் இதைச் செய்ய முடிந்தது எப்படி? வேலையைப் பிரித்த விதத்தில்தான் விடை இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளும் நிமோனியாவைக் கண்டறிய இதே தம்பதி ஒரு கருவி செய்தார்கள்: ஒரு நிமிட மணல் கடிகாரம், அதோடு கோத்த மணிகள். குழந்தை பத்து முறை மூச்சு விட்டால் ஒரு மணியைத் தள்ள வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்தில் 60 மூச்சு என்பது எல்லை. மணல் தீர்வதற்குள் ஆறு மணிகளும் நகர்ந்துவிட்டால் அது ஆபத்து. எல்லையை வகுத்தது மருத்துவ அறிவு. குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவதற்கு அந்த ஊரிலேயே இருக்கிற ஒருத்தி வேண்டும். பாதுகாப்புக்கு இரண்டும் தேவை.

குழந்தைக்குச் சரி, ஆண்டுக்கணக்கில் மாத்திரையைக் கூட்டிக் குறைக்க வேண்டிய ரத்தக் கொதிப்புக்கு டாக்டர்தானே வேண்டும் என்பது அடுத்த நம்பிக்கை. சீனாவில் 326 கிராமங்களில், ஏறக்குறைய 34,000 பேரிடம் இதைச் சோதித்தார்கள். முழு மருத்துவப் படிப்பு இல்லாத கிராமச் சுகாதாரப் பணியாளர்கள், எழுதிக் கொடுத்த படிமுறைப்படி தாங்களே மாத்திரையைத் தொடங்கினார்கள், கூட்டினார்கள், மருத்துவர்கள் மேற்பார்வையிட்டார்கள். பதினெட்டு மாதத்தில் ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே வந்தவர்கள் அந்தக் கிராமங்களில் 57 சதவீதம், வழக்கமான சிகிச்சை நடந்த கிராமங்களில் 19.9 சதவீதம். மூன்றாண்டு முடிவில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இதய, ரத்தக்குழாய் நோய்களும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மருந்து இலவசமாகவோ மலிவாகவோ கிடைத்ததும், வீட்டிலேயே அளந்துகொள்ளக் கருவி தந்ததும் இதற்குத் துணை நின்றன. அவற்றை விட்டுவிட்டுப் பொறுப்பை மட்டும் கைமாற்றினால் இதே பலனை எதிர்பார்க்க முடியாது.

ஏழைக்கு இரண்டாம் தர வைத்தியமா என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் கட்சிரோலியில் அந்தப் பெண்ணின் ஊசிக்கு மாற்றாக டாக்டரின் ஊசி காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியும் போகாத குடும்பங்கள் அவை. மாற்று, சிகிச்சையே இல்லாமை. தவிர, டாக்டர் செய்யும் வேலையைச் செவிலியருக்குத் தந்து பார்த்த ஆய்வுகளை 2018-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்தது. அவை பெரும்பாலும் பணக்கார நாடுகளில் நடந்தவை. அங்கும் நோயாளிகளுக்குக் கிடைத்த பலன் குறையவில்லை. போலி டாக்டர்களுக்கு இது வழி திறந்துவிடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் குறைவு. போலி டாக்டர் எதற்கும் ஊசி போடுவார், பதிவேடு வைக்க மாட்டார், யாருக்கும் கணக்குச் சொல்ல மாட்டார். பயிற்சி பெற்ற பணியாளருக்கு எதைத் தொடலாம், எப்போது மேலே அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கிறது.

எனக்கு உறுத்தும் ஆட்சேபம் வேறு. பொறுப்பு இறங்கி வருகிறது. சம்பளம் கூடவே வருவதில்லை. பச்சிளங்குழந்தையை வீட்டுக்கே போய்க் கவனிக்கும் கட்சிரோலி முறையை இந்திய அரசு 2011-இல் ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களிடம் ஒப்படைத்தது. அவர்களை இன்றும் தன்னார்வலர் என்றே அழைத்து, மாதச் சம்பளத்துக்குப் பதில் ஊக்கத்தொகையே தருகிறது. சீனத் திட்டத்தில் செய்த வேலைக்குத் தக்க கூடுதல் ஊதியம் திட்டத்தின் ஒரு பகுதி. பயிற்சி, மருந்து, மேற்பார்வை ஆகியவற்றோடு ஊதியத்தையும் வரவு செலவுத் திட்டத்தில் எழுதிய பிறகே அடுத்த வேலையை ஆஷா பணியாளர்கள் கையில் கொடுக்க வேண்டும்.