அண்ணன் கட்டிய மேடை

சுருளிப்பட்டி

சிரஞ்சீவி இளங்கோவுக்குத் தாத்தா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. மேலத் தோட்டத்தில் கவாத்து முடிந்து கொடியெல்லாம் துளிர் விட்டிருக்கிறது. அம்மாச்சிக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. அதைக் குறித்து நீ விசாரப்பட வேண்டாம்.

நீ உன் அம்மாவிடம் கொடுத்துச் சென்ற, சென்னைப் பாட்டுக் கம்பெனியின் ஒப்பந்தப் பத்திரத்தின் நகலை அவள் என்னிடம் கொண்டுவந்து, "நீங்களே வாசித்துச் சொல்லுங்கள் அப்பா" என்று வைத்துவிட்டுப் போனாள். விளக்கு வைத்த பிறகு உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரையில் வாசித்து முடித்தேன். போவதும் போகாதிருப்பதும் உன் இஷ்டம். வயது வந்த பிள்ளையைக் கட்டி நிறுத்தும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் அதை வாசித்த நாள் தொட்டு எனக்கு உறக்கம் சரியாக வரவில்லை என்பதையும், உன் அம்மா போனில் உன்னிடம் சிரித்துப் பேசி முடித்துவிட்டு அடுப்படியில் போய்த் தனியே உட்கார்ந்துகொள்கிறாள் என்பதையும் மறைத்து எழுதுவது முறையாகாது. அவளிடம் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

அந்தக் கம்பெனிக்காரர்கள் உங்களைப் போல் ஐந்து பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, லண்டனில் ஒன் டைரக்ஷன் என்று பேர் பெற்ற குழுவைப் போலச் சென்னையில் ஒன்றை உண்டாக்கப்போவதாக உன் அண்ணனிடம் சொன்னாயாம். அந்த ஐவர் படத்தை நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த காலத்தில் நமது மாடி அறைச் சுவரில் ஒட்டியிருந்தாய். அவர்களுடைய கீர்த்தியைக் குறைத்துப் பேசுகிறவன் அல்ல நான். 2010-இல் தொலைக்காட்சிப் போட்டிக்குத் தனித்தனியாக வந்து, தனித்தனியாகத் தேறாமற் போனவர்களை நடுவர்கள் ஒன்றாய்ச் சேர்த்துவிட, அந்தப் போட்டியிலேயே மூன்றாம் இடத்துக்குமேல் வரமுடியாத அப்பிள்ளைகள், முதல் நான்கு இசைத்தொகுப்புகளும் அமெரிக்கப் பட்டியலில் வெளியான வாரமே முதலிடத்தில் போய் நிற்கும்படி உயர்ந்தார்கள் என்றால், அது அதற்குமுன் எந்தக் குழுவுக்கும் வாய்க்காத பாக்கியந்தான். அப்புறம் நடந்ததையும் நீ அறிவாய். 2015 மார்ச்சில், ஊர் ஊராகப் பாடிச் சென்ற பயணத்தின் நடுவிலேயே, இன்றைக்கு உனக்கு என்ன வயதோ அதே இருபத்திரண்டு வயதில், ஜெயின் மாலிக் விலகிப்போனார். அடுத்த ஆண்டு பிறந்ததும் மற்ற நால்வரும் ஓய்வென்று சொல்லிக் கலைந்தார்கள். லியாம் பெய்ன் 2024 அக்டோபரில் தூரதேசத்து விடுதியொன்றின் மாடியிலிருந்து விழுந்து 31 வயதில் மாண்டுபோனார். ஹாரி ஸ்டைல்ஸ் தனியாகவே நின்று பெரும் பேர் வாங்கவில்லையா என்று நீ கேட்பாய், வாங்கினார், சந்தேகமில்லை. ஐவரில் ஒருவருடைய பேரைச் சொல்லி மற்றவர்களுடைய கணக்கை மூடிவிடலாமா என்பதுதான் என் விசாரம்.

ஆனால் அந்த ஐவரைப்பற்றி எழுத நான் பேனாவை எடுக்கவில்லை. நமது தேவாரத்துக்குப் பக்கத்தில் பண்ணைப்புரம் இருக்க, லண்டனுக்குப் போய் உதாரணம் தேடுவானேன்? பாவலர் பிரதர்ஸ் என்று பலகை மாட்டிக்கொண்டு, இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலும் மேலே தேயிலைக் காட்டிலும் அண்ணன் தம்பிகளாக ஒரு குழுவினர் பாடித் திரிந்த காலத்தை நேரில் கண்டவர்களில் நானும் ஒருவன். பேர்பெற்ற தம்பி இளையராஜாவை நீ அறிவாய், உலகமே அறியும். மூத்தவர் பாவலர் வரதராசனைப்பற்றி உன் வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு நெடுங்காலமாக நெஞ்சில் தைத்த முள் இது.

கம்பத்தில் அறுப்பு முடிந்த வயலில் போட்ட மேடை ஒன்றில்தான் நான் முதன்முதலில் அவரைக் கேட்டேன். இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கு. வைக்கோல் தூசி அடங்காத தரை. மேடையென்று சொன்னாலும் நாலு மாட்டுவண்டிப் பலகையைச் சேர்த்துப் போட்டதுதான். சம்மணமிட்டு உட்கார்ந்து, இடக்கையால் ஆர்மோனியத் துருத்தியை இழுத்துக்கொண்டே, அந்த வருஷத்துச் சினிமாப் பாட்டின் மெட்டைப் பிடித்தார் பாவலர். மெட்டுத்தான் சினிமாவினுடையது, சாகித்தியம் அவருடையது. அரிசி விலையும், தோட்டக் கூலியும், கங்காணியின் கணக்குப் புத்தகமும் அந்த மெட்டுக்குள் வந்து உட்கார்ந்த விதத்தைக் கேட்டு, முன்வரிசையில் இருந்த கூலிப் பெண்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். பக்கத்தில் நின்ற ஒல்லியான பையன், பெண் குரலில் எதிர்ப்பாட்டு எடுத்தான். அவன்தான் ராசையா என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்; பின்னாளில் இளையராஜாவானது அவன்தான். அந்தப் பேர் பிற்காலத்தில் எங்கே போய் நிற்கப்போகிறது என்று அந்தக் கூட்டத்தில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அண்ணனுக்கு மட்டும் ஏதோ ஒன்று தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1958-இல் கேரளத்துத் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தபோது, தமிழ்த் தொழிலாளிகள் நிறைந்த அந்த மலைமேல் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காக எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறிப் பாடியவர் பாவலர். அம்மாள் ஜெயித்த பிறகு, அந்த வெற்றி பாவலருக்குரியது என்று முதலமைச்சர் நம்பூதிரிபாடே சொன்னார் என்று நமது பக்கத்துத் தோழர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பாட்டுக்கெல்லாம் என்ன சம்பாவனை கிடைத்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். பதினாலு வயதில் அண்ணனோடு சேர்ந்த ராசையா, ஏறத்தாழப் பத்து வருஷம் தென்னாடு முழுவதும் அப்படித் திரிந்தார். எந்தச் சபையில் எந்தச் சுரத்தில் ஆரம்பித்தால் ஜனம் காது கொடுக்கும், எந்த இடத்தில் தாளத்தைத் தளர்த்தினால் கிழவிகூடத் தலையாட்டுவாள் என்பதையெல்லாம் அவர் கற்றது அந்தத் திறந்த வெளியில்தான். இப்படிப்பட்ட கல்வியை எந்தக் கம்பெனியும் ஆறு மாதப் பயிற்சியில் கொடுத்துவிட முடியாது. கொடுக்கிறேன் என்று பத்திரத்தில் எழுதியிருப்பதை நான் நம்பவில்லை.

அப்புறம் அவர்கள் சென்னைக்குப் போகவில்லையா என்று நீ கேட்பாய். போனார்கள். பாஸ்கர், ராசையா, அமர் என்று தம்பிகள் சேர்ந்தே போனார்கள். வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்று, அந்தப் பணம் அத்தனையையும் தாயார் சின்னத்தாய் அம்மாள் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பியதை இளையராஜா மேடைகளில் சொல்லியிருக்கிறார். போனவுடன் யாரும் அவர்களுக்குப் பரிவட்டம் கட்டவில்லை. 1968 முதல் ராசையா தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதத்தை எழுதவும் வாசிக்கவும் பழகி, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார்ப் பரீட்சையில் தங்கப் பதக்கம் பெற்று, டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக சங்கீதம் கற்று, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்து, பிறருடைய பாட்டுக்குக் கூலிக்குக் கிதார் மீட்டினார்; இவ்வளவுக்கும் பிறகு 1976-இல் பஞ்சு அருணாசலம் "அன்னக்கிளி" படத்தை அவருக்குக் கொடுத்தார். இடையில் எட்டு வருஷம். உன் பத்திரத்தில் எட்டே மாதத்தில் முதல் பாட்டு வெளிவரும் என்று போட்டிருக்கிறது!

ஆனால் அந்த அன்னக்கிளிப் பாட்டு நம் ஊர் டீக்கடையெல்லாம் முழங்கியபோது, அதைக் கேட்கப் பாவலர் உயிரோடு இல்லை; அதற்குச் சில வருஷம் முன்னரே கண்ணை மூடிவிட்டார். பந்தலில் குலை தொங்குவதைப் பார்க்க வருகிறவர்கள் கல்தூணைப் பார்ப்பதில்லை, அதை ஊன்றக் குழி தோண்டியவனை விசாரிப்பதுமில்லை. ஆயினும் அந்தத் தம்பிகள் அண்ணனை மறக்கவில்லை என்பதை உனக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். பாஸ்கர் படமெடுக்கத் தொடங்கியபோது பாவலர் பேராலேயே கம்பெனி வைத்தார். 1981-இல் "அலைகள் ஓய்வதில்லை" அந்தப் பேரோடுதான் வந்தது. அமர் கங்கை அமரனானார்; "பதினாறு வயதினிலே" படத்துக்கு அவர் எழுதிய பாட்டைப் பாடித்தான் ஜானகி அம்மாள் தேசிய விருது வாங்கினார். அண்ணனுடைய ஆர்மோனியத்தைத் தொடக்கூடாது என்று கட்டளையிருந்தும் ஒளிந்து வாசித்துப் பழகியதை இளையராஜாவே வாய்விட்டுச் சொல்கிறார். 2025 மார்ச் 8-ஆம் தேதி, எண்பது வயது கடந்த பிறகு, லண்டன் மாநகரில் வெள்ளைக்கார வாத்தியக்காரர்களை முன்னால் உட்கார்த்தித் தம்முடைய சிம்பொனியை அரங்கேற்றிய அந்த மனிதர், யாரிடம் படித்தேன் என்பதைச் சொல்ல ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

நமது வீட்டுக் கதை அப்படியா முடிந்தது? உன் பெரிய தாத்தா திண்ணையில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு, தம் இலையில் விழுந்த சோற்றில் பாதியைத் தள்ளிவைத்துச் சின்னவனுக்குச் சுரம் சொல்லிக்கொடுத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். வள்ளி திருமணத்துக்கு முருகன் வேஷம் கட்ட உன் சின்னத் தாத்தாவைப் போல் குரல் இந்தப் பள்ளத்தாக்கில் இருந்ததில்லை; அதை நான் மறுக்கவில்லை. மதுரையிலிருந்து ஒரு முதலாளி வந்தார், ஒரு காகிதத்தை நீட்டினார், இவன் கையெழுத்துப் போட்டான். வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்பணம் வாங்கிய நாடகத்துக்கு முருகன் இல்லாமற் போயிற்று. பணத்தைத் திருப்பிக் கொடுக்க அண்ணன் ஆர்மோனியத்தை விற்றார். எல்லாவற்றையும் நான் பொறுத்திருப்பேன். பின்னால் அவன் நாலு பேருக்குத் தெரிந்தவனான பிறகு, பத்திரிகைக்காரர் ஒருவர் குரு யார் என்று கேட்டதற்கு, "யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, தானாக வந்தது" என்று சொன்னானே, அதைப் பொறுக்க என்னால் ஆகவில்லை. அந்தப் பத்திரிகையை அண்ணன் மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அவன் வீட்டுக் கல்யாணங்களுக்கு நான் போகாததன் காரணம் இதுதான். உன் அம்மாச்சி எத்தனை சமாதானம் சொன்னாலும் இந்த விஷயத்தில் என் மனம் இளகாது.

உன் அண்ணன் முத்தையா சென்ற சித்திரையில் அதே வீரபாண்டியில், நமது ஊர்க் குழுவில் நீங்கள் நால்வரும் பாடி முடித்து ஜனம் கலைந்த பிறகு, நீ உன் சிநேகிதர்களோடு படம் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், தனியே உட்கார்ந்து மைக் செட் ஒயரை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். உனக்கு உதவியாள் வைக்கலாமே என்று கேட்டேன். "அந்தக் காசில் இளங்கோவுக்கு நல்ல கிதார் வாங்கலாம் தாத்தா" என்றான். நீ போகப்போகும் செய்தியை அவன் எனக்குச் சொன்னபோதும் உன்னைப்பற்றிக் குறை பேசவில்லை. ஒப்புக்கொண்ட கச்சேரிகளுக்கு யாரைப் பாடச் சொல்வது என்று மட்டும் கேட்டான். உன் பெரிய தாத்தாவின் முகம் அப்படியே அவனிடம் இருக்கிறது என்று ஊரில் சொல்வார்களே, அன்றைக்கு நானும் அதைக் கண்டேன்.

இனி பத்திரத்துக்கு வருகிறேன். ஏழு வருஷம் என்று போட்டிருக்கிறது. குழுவின் பேர் கம்பெனிக்குச் சொந்தம். நீ விலகினால் அந்தப் பேரை உச்சரித்து மேடையேறக்கூடாது. நீயே மெட்டமைத்தாலும் பாட்டின் உரிமை அவர்களுக்கு. அவர்களுடைய சம்மதம் இல்லாமல் வேறெங்கும் பாடக்கூடாது என்ற பிரிவில், கோயில் திருவிழா என்றும் குடும்ப விசேஷம் என்றும் விலக்கு ஏதும் இல்லை. உன் அண்ணன் கல்யாணத்தில்கூட நீ வாய் திறக்க அனுமதி கேட்க வேண்டியிருக்கும். இளையராஜாவைப் போன்ற மலையே தம்முடைய பாட்டுகளின் உரிமைக்காக இந்த வயதிலும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருக்கும்போது, நீ எந்த மூலை?

ஆகையால் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கையெழுத்தைத் தள்ளிப்போடு. உத்தமபாளையத்தில் நமக்குப் பழக்கமான வக்கீல் ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டுவோம். பேரும் பாட்டுரிமையும் உனக்கு, வருஷம் இரண்டு, ஊர்க் கச்சேரிக்குத் தடையில்லை என்று திருத்திக் கொடுக்க அவர்கள் சம்மதித்தால் போய் வா. சம்மதிக்காவிட்டால், மதுரையில் இசைக் கல்லூரி இருக்கிறது. சம்பளம் நான் கட்டுகிறேன். சனி ஞாயிறு அண்ணனோடு பாடு. இரண்டில் எது வேண்டுமானாலும் செய், உன் இஷ்டம் என்று மறுபடியும் சொல்கிறேன்.

மிகவும் கடிந்து எழுதிவிட்டதாக உன் அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்படி நினைக்காதே, கண்ணு. சுருளியில் ஆடி அமாவாசை அன்று நீ ஏழு வயதில் பாடியதைக் கேட்டு, பக்கத்து ஊர்க்காரர் உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அன்று முதல் இந்தக் குடும்பத்தில் உன்னைக் காட்டிலும் எனக்குப் பெருமை தந்தவர் யாருமில்லை. உன் குரலுக்கு ஈடு இல்லை. நீ போய்த்தான் தீருவேன் என்றாலும் கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து பஸ் ஏற்றிவிடுவேன், ஒரு முகச்சுளிப்பும் இருக்காது. தோட்டத்துப் பணத்தில் உனக்கென்று வைத்திருப்பதையும் கொடுத்தனுப்புகிறேன். முத்தையாவும் வருவான். சென்னையில் வெயில் அதிகம், தொண்டைக்கு ஐஸ் தண்ணீர் ஆகாது. அம்மாச்சி சுக்கும் பனங்கற்கண்டும் இடித்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பார்சலில் வருகிறது, பெற்றுக்கொண்டதும் அண்ணனுக்கு ஒரு போன் போடு.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
தாத்தா