பனிக்காலத்தில் பிளாஸ்மா வெட்டும் யந்திரம் பற்றாமை: காரணமும் பரிகாரமும்

காஞ்சீபுரம் ஜில்லாவில், ஸ்ரீபெரும்பூதூருக்கும் காஞ்சீபுரத்துக்கும் இடையே பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ளது சுங்குவார்சத்திரம். இதைச் சூழ்ந்த கிராமங்கள் ஏரிப் பாசனத்தால் நெல் விளையும் பூமியாகும். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் முதலிய இடங்களில் பெருந்தொழிற்சாலைகள் ஏற்பட்ட பின்னர், இப்பக்கங்களில் இரும்பு வேலை செய்யும் சிறு பட்டறைகளும் பெருகியுள்ளன. டிராக்டர் கலப்பையின் சட்டம், டிரெய்லரின் தளத்தகடு, சேற்றுழவுக்குரிய கேஜ் வீல், ஏரி மதகின் இரும்புக் கதவு ஆகியவற்றைப் பழுது பார்க்க விவசாயிகள் இப்பட்டறைகளையே நாடுகின்றனர். தகட்டை விரைவிலும் சுத்தமாயும் அறுப்பதற்குப் பிளாஸ்மா வெட்டும் யந்திரம் மிகவும் உபயோகமானது. பெரிய மிராசுதாரர் சிலர் இதைச் சொந்தமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

மார்கழி, தை மாதங்களில் இந்த யந்திரத்தில் ஒரு கோளாறு காணப்படுவதுண்டு. விடியற்காலையில் விசையை அழுத்தினால் ஒரு தடவை பற்றும். மூன்று தடவை பற்றாது. பகல் 10 மணிக்கு மேல் தானே சரியாகிவிடும். மறுநாள் காலையில் அதே தொல்லை மீண்டும் தோன்றும். சம்பா அறுவடையும் நவரைச் சாகுபடியும் நெருங்கி வரும் இப்பருவத்தில் அரை நாள் தாமதமும் நஷ்டமேயாம். அதனினும் பெரிய நஷ்டம், உள்ளேயுள்ள மின்சாரப் பலகை கெட்டுவிட்டதென்று எண்ணி, கெடாத யந்திரத்துக்குப் பெருந்தொகை செலவிடுவதாகும். இவ்விதக் கோளாறில் பெரும்பாலும் குற்றம் யந்திரத்தில் இல்லை. அதனுள் செலுத்தப்படும் காற்றிலுள்ள ஈரத்தில் இருக்கிறது.

யந்திரம் வேலை செய்யும் விதம்

இம்முறைக்கு அமெரிக்காவில் ராபர்ட் கேஜ் என்பவர் 1957-ல் காப்புரிமை பெற்றார். அழுத்தப்பட்ட காற்றை ஒரு சிறு துளை வழியே செலுத்தி, அதனூடே மின்வில்லை எழுப்பினால், காற்று 10,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட உஷ்ணமடைந்து பிளாஸ்மா என்னும் நிலையை எய்துகிறது. அதன் வேகமும் உஷ்ணமும் இரும்பை உருக்கித் தள்ளுகின்றன.

டார்ச் என்னும் கைப்பிடியின் நுனியில் செம்பினாலாகிய எலெக்ட்ரோடும், அதை மூடிய நாசிலும் உள்ளன. எலெக்ட்ரோடின் முனையில் ஹாப்னியம் என்னும் உலோகம் பதிக்கப்பட்டிருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே முதலில் எழும் சிறு சுடரே பைலட் ஆர்க் எனப்படும். இது தகட்டைத் தொட்டுப் பெருஞ்சுடராக மாறிய பிறகே வெட்டு நடைபெறும்.

பைலட் ஆர்க் இரண்டு விதமாய் எழுப்பப்படுகிறது. ஒரு வகையில் எலெக்ட்ரோடு நாசிலைத் தொட்டுக்கொண்டிருக்கும். காற்று வந்து அதைப் பின்னுக்குத் தள்ளும்போது பொறி பிறக்கும். மற்றொரு வகையில் உயர்ந்த அதிர்வுள்ள மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பொறியை உண்டாக்கும். முதல் வகையில் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் எலெக்ட்ரோடு ஒட்டிக்கொண்டு நகராது. இரண்டாம் வகையில் மின்சாரம் ஈரத்தின் வழியே கசிந்துவிடுவதால் பொறி வலுவிழக்கும்.

குளிரா, ஈரமா?

உதகமண்டலம் போன்ற மலைப்பிரதேசங்களில் உறைபனி விழுங்காலத்தில் குழாயிலுள்ள ஜலம் உறைந்து காற்றை அடைக்கலாம். கம்பிரெஸரின் எண்ணெய் தடித்து, மோட்டார் சுழலத் தயங்கலாம். சுங்குவார்சத்திரப் பக்கத்தில் தை மாத விடியற்காலையிலும் உஷ்ணம் சுமார் 20 டிகிரி சென்டிகிரேடு இருக்கும். இந்தக் குளிர் யந்திரத்தைத் தடுக்கக்கூடியதன்று. ஆனால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஏரிகளும் வயல்களும் நிறைந்திருக்கும் காலத்தில் காலைக் காற்று ஈரத்தால் நிரம்பியுள்ளது. இரவில் குளிர்ந்த இரும்பின்மீது புல்லின்மேல் பனி படிவதுபோல நீர் படிகிறது.

காற்றை அழுத்தும்போது இந்நிலை பன்மடங்காகிறது. சதுர அங்குலத்துக்கு 100 இராத்தல் அழுத்தத்தில் 8 கன மீட்டர் காற்று உத்தேசம் 1 கன மீட்டராகச் சுருங்குகிறது. சுருங்கி ஆறிய காற்று முன்னிருந்த ஈரம் முழுவதையும் தாங்க மாட்டாது. மிகுந்தது ஜலமாகப் பிரியும். நிமிஷத்துக்கு 150 லிட்டர் காற்றுக் கொள்ளும் யந்திரம் பனிக்காலக் காலையில் ஒரு மணி நேரம் இடைவிடாது ஓடினால், சுமார் 150 மில்லிலிட்டர் ஜலம், அதாவது ஒரு டம்ளர் நீர், கம்பிரெஸர் தொட்டியிலோ குழாயிலோ சேர்ந்துவிடும்.

வடிகட்டி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். வடிகட்டி நீர்த்துளியைப் பிடிக்குமேயன்றி ஆவியைப் பிடிக்காது. கம்பிரெஸரிலிருந்து சூடாக வெளிவரும் காற்றில் ஈரம் ஆவியாகவே இருந்து வடிகட்டியைக் கடந்து, குளிர்ந்த தரையில் கிடக்கும் ஹோஸினுள் ஆறி, அங்கே ஜலமாகிறது. வடிகட்டியைக் கம்பிரெஸரின் அருகிலேயே பொருத்துவதால் நேரும் பிழை இது.

பரீட்சை செய்யும் முறை

கோளாறு கண்டவுடன் கீழ்க்கண்ட வரிசையில் பரிசோதித்தல் நலம்.

1. காற்று: மின்சாரத்தை நிறுத்தி, யந்திரத்தின் பின்புறமுள்ள ஹோஸைக் கழற்றி, காற்றைச் சற்று நேரம் வெள்ளைத் தாளின்மேல் மெதுவாய் விடவேண்டும். தாள் நனைந்தாலும் எண்ணெய்க் கறை படிந்தாலும் காரணம் வெளிப்பட்டதாகும்.

2. அழுத்தம்: காற்று ஓடாமல் நிற்கும்போது காட்டும் அளவைக் கணக்கில் கொள்ளலாகாது, ஓடும்போதே பார்க்கவேண்டும். பல யந்திரங்களுக்கு 65 முதல் 80 இராத்தல் வரை போதுமானது. யந்திரத்துடன் வந்த குறிப்பே பிரமாணம். பற்றவில்லையென்று அழுத்தத்தை மிகுதியாக்கினால் சுடர் ஊதி அணைக்கப்படும்.

3. நாசிலும் எலெக்ட்ரோடும்: மின்சாரத்தை நிறுத்தி, இவற்றைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். ஹாப்னியத்தில் விழுந்த குழி சுமார் 1.5 மில்லிமீட்டர் ஆழத்தை எட்டினால் எலெக்ட்ரோடை மாற்றுவது முறை. நாசிலின் துளை வட்டமாயிராமல் நீண்டிருந்தால் அதையும் மாற்றவேண்டும். ஈரக்காற்று இவ்விரண்டையும் விரைவில் தேய்த்துவிடும்.

4. எர்த் கிளாம்ப்: பைலட் ஆர்க் எழுந்தும், தகட்டின்மேல் பிடிக்காமல் அணைந்தால் குற்றம் பெரும்பாலும் இங்கேயே உள்ளது. துருவும் வண்ணமும் சேறும் நீக்கி, பளபளக்கும் இரும்பிலேயே கிளாம்பைப் பிடிக்கவேண்டும்.

5. மின்சாரம்: விசையை அழுத்துந் தருணத்தில் வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறதென்று மின்வினைஞரைக் கொண்டு அளக்கலாம். பம்ப்செட்டுகள் ஒருங்கே ஓடும் காலையில் அது தாழ்ந்திருக்கக்கூடும். நீண்ட, மெல்லிய ஒயர் அத்தாழ்வை மேலும் பெருக்கும்.

இவை ஐந்தும் சரியாயிருந்தும், நண்பகலிலும் பற்றாவிட்டால் மாத்திரமே யந்திரத்தின் உள்ளுறுப்பைச் சந்தேகித்துப் பழுது பார்ப்பவரிடம் அனுப்பவேண்டும்.

வராமல் தடுக்கும் வழி

மாலையில் வேலை முடிந்ததும் கம்பிரெஸர் தொட்டியில் அழுத்தத்தை மெதுவாய்க் குறைத்து, அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து, நீரை முற்றும் வெளியேற்றவேண்டும். அதிகச் செலவின்றி மிகுந்த பலனைத் தருவது இதுவே. காற்று ஆறிய பின்னரே வடிகட்டியை அடையுமாறு, அதை யந்திரத்தின் அருகில் பொருத்துக. ஹோஸைத் தரையில் போடாமல் ஆணியில் தொங்கவிடுதல் நலம். யந்திரத்தை மண் தரையில் வையாமல் மரப்பலகையின்மேல் வைத்து, இரவில் மூடிவைக்கவேண்டும். காலையில் வெட்டுமுன் இரண்டு மூன்று நிமிஷம் காற்றை மட்டும் ஓட்டினால் டார்ச்சினுள் படிந்த ஈரம் வெளியேறும். நாள்தோறும் வேலையுள்ள பட்டறையில் சிலிகா ஜெல் நிரப்பிய உலர்த்தியைச் சேர்ப்பது சிக்கனமாகும்.

எச்சரிக்கை

சில யந்திரங்களில் டார்ச்சின் மின்னழுத்தம் 300 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். ஆகையால் ஈரக் கையோடும் நனைந்த தரையிலும் வேலை செய்வது உயிருக்கு அபாயம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உள்ளேயுள்ள கப்பாசிட்டரில் மின்சாரம் சில நேரம் தங்கியிருக்குமாதலால், பழகாதவர் உறையைத் திறத்தல் கூடாது. டீசல், பூச்சிமருந்து முதலியன இருந்த மூடிய பீப்பாய்களை வெட்டலாகாது, அவை வெடிக்கும். தகுந்த இருட்கண்ணாடி அணியாமல் சுடரை நோக்கலாகாது.

கிராம அதிகாரிகள் மதகுக் கதவைப் பழுது பார்க்க ஏற்பாடு செய்யும்போது, யந்திரத்தை ஏரிக்கரைக்குக் கொண்டுபோகாமல், கதவைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புவதே பத்திரமான வழி. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு உட்பட்ட ஏரியாயின் ஊராட்சி ஒன்றியத்துக்கும், அதற்கு மேற்பட்டதாயின் நீர்வளத் துறைக்கும் முன்னறிவிப்புச் செய்தல் அவசியம். கசியும் மதகினால் ஏரி வடிந்தால் நவரைப் பயிருக்கு நீர் மிஞ்சாது. பட்டறையில் மாலைதோறும் ஒரு வடிகுழாயைத் திறந்து மூடும் சிறு பழக்கம், அவ்வேலை காலையில் தடையின்றி நடக்க உதவும்.